நாற்பத்தேழாம் இலக்கத்தின் வரவு

24 மே 2021, திங்கள்

இன்று காலை எட்டு மணிக்கு நான் இரண்டு பேராக இருந்தேன். போனில் ஸல்ஹா, டப்லெட்டில் லக்சாயினி. சோமசேகரம் சேர் வரவு இடாப்பை வாசித்துக்கொண்டு வர, நாற்பத்தேழு என்றதும் டப்பில் "இருக்கிறேன் சேர்" என்று தட்டினேன். எழுபத்தொன்று என்றதும் போனில் மைக்கைத் திறந்து "ஓம் சேர்" என்றேன். இடையில் தேத்தண்ணியும் குடித்து முடித்தேன். குசினியிலிருந்து எட்டிப் பார்த்த உம்மா, "ரெண்டு வகுப்பா புள்ள ஒரே நேரத்துல?" என்று கேட்டார். "நான் கெட்டிக்காரி உம்மா" என்றேன்.

எங்கள் பட்சில் இதற்கு ஏத்திவிடுறது என்று பெயர். கம்பஸை மூடி எல்லாவற்றையும் சூமில் நடத்தத் தொடங்கிய நாளிலிருந்து நடக்கிறது. யாருக்குச் சிக்னல் இல்லையோ, யார் வீட்டில் போனுக்குச் சண்டையோ, அவர் பெயரில் இன்னொருவர் ஏறி நிற்பார். எண்பது வீத வரவு இல்லாவிட்டால் பரீட்சைக்கு விடமாட்டார்கள். எண்பத்து நாலு பேரில் முக்கால்வாசிப் பேருக்கு யாரோ ஒருவர் எப்போதாவது ஏறியிருக்கிறார்கள். நான் பட்ச் ரெப், இத்தனை பேருக்கும் பிரதிநிதி. நானே ஏற்றிவிடும்போது மற்றவர்களை என்ன கேட்பது?

27 மே

லக்சிக்கு இன்றும் நான்தான். ஒரு நன்றி கூடச் சொல்லவில்லை, கழுதை.

2 ஜூன், புதன்

பயணத் தடையை மறுபடி நீட்டியிருக்கிறார்கள். வாப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை, அதனால் பாஸ் இருக்கிறது. இந்த வீட்டில் அவர் மட்டும்தான் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டுகிறார். நான் டப்பையும் போனையும் தாண்டி எங்கும் போகவில்லை.

லக்சியைப் பற்றி எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன். அவள் சல்லி ஊர்க்காரி. தகப்பன் கதிரவேல் கடலுக்குப் போகிறவர். வீட்டில் ஒரே போன், தம்பி லதீசனுக்கும் ஏ.எல். வகுப்பு அதே நேரம். "கிழமையில மூண்டு நாள் மட்டும் ஏத்திவிடடி" என்றுதான் கேட்டாள். மூன்று நாள் நாலாகி, இப்போது ஐந்தும் நான்தான். ஒப்படை எழுதிக் கொடுப்பதும் நான்தான். தம்பிக்குப் பரீட்சை பின்போய், காலையில் போன் அவள் கையில் சும்மா இருக்கிறது என்று அவளே சொன்னாள். அப்புறம் ஏன் வருகிறாள் இல்லை? கேட்டால் "எனக்கு ஏலாமக் கிடக்குடி" என்கிறாள். எனக்கு மட்டும் ஏலுமாக்கும்.

ஆனால் முதலாம் வருடத்தில், சீனியர் ஒருவன் என் பர்தாவைப் பிடித்து ஒரு அசிங்கமான கேள்வி கேட்டபோது, முழுக் கண்டீனும் தலையைக் குனிந்து சோறு தின்றது. அன்றைக்குச் செருப்பைக் கழற்றியது இவள்தான். முன்னம் பின்னம் தெரியாதவள். "அவவைக் கேட்டதை என்னைக் கேளுங்கோ பாப்பம்" என்றாள். அதற்காகத்தான் ஏற்றுகிறேன். அதற்காக மட்டும்தான்.

9 ஜூன், புதன்

லக்சிக்கு மெசேஜ் போட்டால் பதில் வர இரண்டு நாள், மூன்று நாள். கோல் எடுத்தால் மட்டும் மூன்றாவது மணி அடித்து முடியுமுன் எடுப்பாள். எப்போதும் அப்படித்தான், குளிக்கும்போது கூட எடுக்கிறவள். அதனால்தான் நான் கோல் எடுப்பதில்லை. எடுத்தால் ஒரு மணித்தியாலம் போய்விடும், எனக்கு இரண்டு பேரின் வேலை கிடக்கிறது.

அவள் பெயரில் நான் கொடுத்த ஒப்படைக்கு முந்தாநாள் ஏ கிடைத்தது. என்னுடையதற்கு பி. புள்ளிப் பட்டியலைப் படமெடுத்து அவளுக்கு அனுப்பினேன், கொஞ்சம் எரிச்சலோடுதான். இன்று பதில் வந்தது: "பாத்தியா, நான் இல்லாமலே என்ட வேலை எல்லாம் நல்லா நடக்குது. நான் இருந்து செய்ததை விட நல்லா."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கிற முகம் நாலு போட்டு, "ஓம்டி மகாராணி, நீ படு, நான் பாக்கிறன்" என்று அனுப்பினேன்.

15 ஜூன், செவ்வாய்

சேர் கோல் எடுத்தார். "ஸல்ஹா, ஒரு படிவம் அனுப்பியிருக்கிறன். இந்தக் கொரோனாக் காலத்தில மாணவர்களின்ட மனநிலை எப்பிடி இருக்கு எண்டு ஒரு ஆய்வு. மற்ற இடங்களில அரைவாசிப் பேரும் நிரப்பேல்ல. எங்கட பட்ச் நூறு வீதம் வரவேணும், உம்மை நம்பி மேல சொல்லிப்போட்டன்."

என்னை நம்பிச் சொல்லிவிட்டாராம். குழுவில் மூன்று தரம் போட்டேன். எழுபத்து மூன்று பேர் நிரப்பியிருக்கிறார்கள். பதினொரு மாடுகள் படுத்துக் கிடக்கின்றன.

16 ஜூன், புதன்

எண்பத்து நாலு. முடிந்தது.

பதினொன்றையும் நானே போட்டேன். எல்லாருடைய சுட்டிலக்கமும் போன் இலக்கமும் என்னிடம் இருக்கிறதே. முதல் பக்கம் முழுக்க ஆங்கிலம், ஒரு முழம் நீளம், யார் வாசிப்பார்கள்? தள்ளிவிட்டுக் கேள்விக்குப் போனேன். கடந்த இரண்டு கிழமைகளில் தூக்கம் இல்லையா, எதிலும் விருப்பம் இல்லையா, உங்களை நீங்களே கேவலமாக நினைத்தீர்களா. ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்ற எண்ணம் வந்ததா. எல்லாவற்றிலும் முதல் வட்டத்தில் "ஒருபோதும் இல்லை." ஒரே நேர்கோடாக இறங்கிப் போனால் ஓராளுக்கு ஒரு நிமிடமும் ஆகாது. லக்சிக்கும் அப்படித்தான். எனக்கும் அப்படித்தான். மற்றவர்களும் இப்படித்தான் இறக்கியிருப்பார்கள்.

சேர் குழுவில் கைதட்டல் போட்டிருக்கிறார். "எங்கட ரெப் இருக்கும் வரைக்கும் எனக்குக் கவலையில்லை" என்று. படமெடுத்து வைத்துக்கொண்டேன்.

22 ஜூன், செவ்வாய்

நேற்றிலிருந்து தடை இல்லை. வாப்பா, "டவுனுக்கு வாறியா மகள், கடல் காத்தாவது படும்" என்றார். வகுப்பு இருக்கிறது என்றேன்.

மத்தியானம் தெரியாத இலக்கம். லக்சியின் அம்மா, சிவபாக்கியம் அன்ரி. பக்கத்து வீட்டுப் போனில் இருந்து. குரலை அடக்கிக் கதைத்தார்.

"பிள்ளை, நான் கேட்டதை லக்சிக்குச் சொல்லிப்போடாதேங்கோ. அவ வகுப்புக்கு வாறாவா? காதுக்குள்ள அந்த வயரைச் செருகிக்கொண்டு சுவரைப் பாத்தபடி கிடக்கிறா. கேட்டா வகுப்பு எண்டுறா. தலை இழுக்கிறேல்ல, சீப்பே தொடுறேல்ல. சாப்பாடு வச்சது வச்சபடி. இவர் சொல்லுறார், ஆஸ்பத்திரியில மனசுக்குப் பாக்கிற டொக்டர் இருக்கிறாராம், நாளைக்கே கொண்டுபோய்க் காட்டுவம் எண்டு. எனக்கெண்டா ஒண்டும் விளங்கேல்ல. படிப்பு அலுப்போ, வேற என்னவுமோ?"

என்ன சொல்வது? இல்லை அன்ரி, அவள் ஒரு மாதமாக வகுப்புப் பக்கமே வரவில்லை, நான்தான் ஏறுகிறேன் என்றா? அவர் தகப்பனிடம் சொல்வார், தகப்பன் கம்பஸுக்குப் போன் பண்ணுவார், இரண்டு பேரும் வெளியே. நான் ரெப் வேறு. ஒரு நொடிதான் யோசித்தேன்.

"ஓம் அன்ரி, ஒழுங்கா வாறா. ஏ எல்லாம் எடுத்திருக்கிறா" என்றேன். நம்ப வேண்டும் என்று வரவுப் பட்டியலையும் படமெடுத்து அந்த இலக்கத்துக்கு அனுப்பினேன். நாற்பத்தேழாம் வரியில் இரண்டொரு இடம் தவிர எல்லாம் சரி அடையாளம், தொண்ணூற்றிரண்டு வீதம்.

அன்ரி உடனே திருப்பி எடுத்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா தெரியவில்லை. "அம்மாளாச்சி, என்ட பிள்ளை படிச்சுக்கொண்டுதான் கிடக்கிறா! நாங்கள்தான் விசரர் மாதிரிப் பயந்திட்டம். டொக்டரும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம். இவரிட்ட இந்தப் படத்தைக் காட்டுறன் இருங்கோ."

நல்லதுதானே. அந்த மனுசி இன்றைக்காவது நிம்மதியாகச் சாப்பிடுவார்.

சல்லிக்கு ஒருதரம் போய்விட்டு வரவேண்டும். பரீட்சை முடியட்டும்.

5 ஜூலை, திங்கள்

லக்சியிடமிருந்து குரல் பதிவு. பதினொரு வினாடி. எட்டு வினாடி கடல் இரைச்சல். பிறகு, "ஸல்ஹா... ஒண்டுமில்லடி, சும்மா."

சும்மா என்றால் ஏன் அனுப்புகிறாள்? நான் இங்கே இரண்டு ஒப்படைக்கு முதுகு ஒடிந்து இருக்கிறேன்.

14 ஜூலை, புதன்

பரீட்சை 26ஆம் திகதி. வீட்டிலிருந்தே எழுதலாம், ஆனால் கமரா திறந்திருக்க வேண்டும், அடையாள அட்டையை முகத்தோடு சேர்த்துப் பிடித்துக் காட்ட வேண்டும்.

அதாவது இனி ஏற்ற ஏலாது. எனக்கு என்ன நிம்மதி என்று சொல்லி முடியாது. பன்னிரண்டு நாளில் அவளே எழும்பி, முகம் கழுவி, தலையை இழுத்துக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். லக்சிக்கு அறிவித்தலை அனுப்பினேன். பார்த்துவிட்டாள். பதில் இல்லை.

19 ஜூலை, திங்கள்

ஐந்து நாள் பொறுத்தேன். இன்று பொறுமை போய்விட்டது. குறிப்பு முழுவதையும் படமெடுத்து எழுபது பக்கம் அனுப்பியிருக்கிறேன், ஒன்றையும் திறக்கவில்லை. எழுதிப்போட்டேன்:

"எல்லாருக்கும்தான் கஷ்டம். நீ மட்டும் என்ன பெரிய நோய்க்காரி மாதிரி நடிப்புக் காட்டுறாய்? ரெண்டு மாசம் உன்னைச் சுமந்தனான். இனி என்ன, பரீட்சையும் நானே எழுதட்டா? மூச்சும் நானே விடட்டா?"

ஒரு மணித்தியாலம் எழுதுகிறாள் எழுதுகிறாள் என்று காட்டியது. ஏதோ கட்டுரை வரப்போகிறது என்று நினைத்தேன். வந்தது ஒரு வரி.

"வேண்டாம்டி. நீ செய்தது காணும்."

நல்லது. போதுமாம். இப்போதாவது ரோசம் வந்ததே.

21 ஜூலை, புதன், பெருநாள்

வருடா வருடம் இரண்டு பெருநாளுக்கும் லக்சி வீட்டுக்கு வட்டிலப்பம் போகும். தைப்பொங்கலுக்கு அங்கிருந்து புக்கை வரும். உம்மா காலையிலேயே சின்னச் சட்டியில் தனியாக எடுத்து மூடி வைத்திருந்தார். வாப்பா மோட்டார்சைக்கிள் சாவியோடு வந்து, "சல்லிப் பொண்ணுக்கிட்ட குடுத்திட்டு வரவா? நீயும் ஏறு, மகள்" என்றார்.

"இந்த முறை அவளுக்கு இல்ல வாப்பா" என்றேன்.

"சண்டையா?"

"ஓம்."

உம்மா சட்டியைத் திறந்து எங்கள் மேசையில் வைத்தார். நானே முக்கால்வாசி தின்றேன். கோபத்துக்கு நல்ல ருசி.

26 ஜூலை, திங்கள்

ஒன்பது மணிக்குத் திரையில் எண்பத்து மூன்று முகம். நாற்பத்தேழு இல்லை. சேர் இரண்டு தரம் கூப்பிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "ஸல்ஹா, உம்மட சிநேகிதி எங்க?" என்றார். எல்லார் முன்னாலும் எனக்கு முகம் எரிந்தது.

பத்தே காலுக்கு வினாத்தாளைப் பாதியில் வைத்துவிட்டு, குளியலறைக்கென்று எழும்பிப் போய் அவளுக்குக் குரல் பதிவு போட்டேன். என்ன சொன்னேன் என்று எழுதாமல் விட ஏலாது. "செத்துத் தொலைஞ்சியாடி? ரெண்டு மாசம் உனக்கு உழைச்சதுக்கு நல்லா செய்தாய்" என்றேன். இதுதான் நான் சொன்னது. இதே சொல்லுதான்.

அனுப்பினதற்கு ஒற்றைச் சரி அடையாளம்தான் விழுந்தது. போகவில்லை.

மூன்று மணிக்கு எங்கள் பட்ச் ஜெஸ்மின் கோல் எடுத்தாள். சல்லிக்குப் பக்கத்தில் உப்புவெளியில் இருக்கிறவள், அவளுக்குச் சனங்கள் சொல்லியிருக்கிறார்கள். லக்சி விடியவே போய்விட்டாள். நான் திட்டின நேரம் அவள் இல்லை. விடியவே இல்லை. நான் ஆரோட கதைச்சனான்? ஆரைத் திட்டினனான்?

27 ஜூலை

செத்த பிறகும் மூக்குக்குள் குச்சி விட்டுப் பார்க்கிறார்கள். பிசிஆர் முடிவு வரும் வரை உடலைக் கொடுக்கவில்லை. நெகட்டிவ். அந்தப் பரிசோதனையில் பாஸ்.

எப்படி என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. போன் எடுக்கிற எல்லாரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள்.

29 ஜூலை, வியாழன்

பட்ச் குழுவில் மெழுகுதிரி, ரோசாப்பூ, அழுகிற முகம். வாசித்துக்கொண்டே போனேன்.

முனீப்: "நம்ப ஏலாமல் இருக்கு. ரெண்டு கிழமைக்கு முந்தித்தானே சேர் பகிடி விட, அதுக்கு 'இது உங்கட வழமைதானே சேர்' எண்டு போட்டு எங்களை எல்லாம் சிரிக்க வச்சாள்."

ஜெஸ்மின்: "ஓம், கடைசி வரைக்கும் எவ்வளவு சந்தோசமா இருந்தாள். ஒரு நாள் கூட வகுப்புக்கு வராமல் விடேல்ல."

சேர்: "மிகச் சிறந்த மாணவி. வரவும் தொண்ணூற்றிரண்டு வீதம்."

அந்தப் பகிடி என்னுடையது. அந்தச் சந்தோசம் என்னுடையது. சோம்பல் பிடித்துப்போய் நான் டப்பில் தட்டின வரிகள். இவர்கள் அழுவது நான் செய்து வைத்த லக்சிக்காக. மற்றவள், சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தவள், அவளை யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. நான் பார்க்கவே இல்லை.

நானும் ஒரு அழுகிற முகம் போட்டேன்.

3 ஆகஸ்ட்

கடைசி வினாத்தாள். எழுதினேன். எல்லாவற்றையும் எழுதினேன். ஏன் எழுதினேன்?

21 ஆகஸ்ட்

மறுபடி ஊரடங்கு. நல்லது. வெளியே போகாததற்கு இனிக் காரணம் சொல்லத் தேவையில்லை.

12 அக்டோபர், செவ்வாய்

ஆய்வின் அறிக்கையைச் சூமில் விளக்கினார்கள். நிறம் நிறமாக வரைபடம். சோமசேகரம் சேருக்கு முகமெல்லாம் பூரிப்பு. எல்லாப் பீடங்களிலும் எங்கள் பட்சில்தான் எல்லாரும் பதில் கொடுத்திருக்கிறார்கள். ஒன்பதாவது கேள்விக்கு மற்ற இடங்களில் நூற்றுக்கு ஏழு, எட்டு என்று சிவப்புத் தூண் எழும்பி நிற்கிறது. எங்களுடைய இடத்தில் தூணே இல்லை. வெறும் கோடு.

ஆய்வாளர் ஒருவர் சொன்னார், "இந்தத் தொகுதியின் மனவலிமைக்குக் காரணம் என்ன என்று தனியாக ஆராயலாம்."

எண்பத்து மூன்று பேர் கேட்டுக்கொண்டிருந்தோம். ஒருவரும் மைக்கைத் திறக்கவில்லை. நானும் இல்லை. பிறகு எனக்குச் சான்றிதழ் ஒன்று மின்னஞ்சலில் வந்தது, சிறந்த ஒத்துழைப்புக்காக.

அதை அழித்தேன். பிறகு ரெப் வேலை வேண்டாம் என்று எழுதி அனுப்பினேன். முனீப் எடுத்துக்கொண்டான்.

6 நவம்பர், சனி

சல்லிக்குப் போனேன். வாப்பா கூட்டிப் போனார். வீட்டுக்குள் வராமல் முத்துமாரியம்மன் கோவிலடியில் நின்றுகொண்டார்.

அன்ரி இருக்கக் கதிரை போட்டார். முன்னறைச் சுவரில் லக்சியின் படம், மாலையோடு. அதன் பக்கத்தில் நெகிழி உறையில் போட்டு இன்னொரு தாள் ஆணியில் தொங்கியது. நான் அனுப்பின வரவுப் பட்டியல். கடையில் கொடுத்து அச்சடித்திருக்கிறார்கள். நாற்பத்தேழாம் வரியின் கீழ் சிவப்பு மையால் கோடு.

"வாற சனம் ஒவ்வொண்டும் ஒவ்வொரு கதை சொல்லுதுகள் பிள்ளை. காதலாம், வேற என்னவோவாம். நான் இதைத்தான் காட்டுறன். கடைசி நாள் வரைக்கும் படிச்ச பிள்ளை பாருங்கோ எண்டு. என்ட பிள்ளைக்கு ஒரு குறையும் இருக்கேல்ல, ஏதோ ஒரு கெட்ட நேரம், ஒரு நிமிசம், அவ்வளவுதான். எங்களால என்ன செய்திருக்க ஏலும்? சொல்லுங்கோ."

நான் சொன்னேன். எல்லாவற்றையும். மே மாதத்திலிருந்து. ஏத்திவிடுறது என்றால் என்ன என்று விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. அன்ரிக்கு முதலில் பிடிபடவில்லை. "அப்ப இந்தச் சரி எல்லாம்?" என்று தாளைக் காட்டினார். "நான்தான் அன்ரி" என்றேன்.

"ஏ எடுத்தது?"

"நான்."

"நான் உங்களுக்குப் போன் பண்ணிக் கேட்டனானெல்லோ. அண்டைக்கு."

"ஓம் அன்ரி."

"இவர் அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஓட்டோ கூடச் சொல்லி வச்சிருந்தவர். நான்தான் வேண்டாம் எண்டனான்."

கதிரவேல் மாமா வாசலில் வலைக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். கை நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. எழும்பிக் கடற்கரைப் பக்கம் போய்விட்டார்.

அன்ரி அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்க வேண்டும் என்றுதான் போனேன் என்று இப்போது தெரிகிறது. அடிக்கவில்லை. அந்தத் தாளை ஆணியிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அதைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"நீங்கள் சொல்லாமலே இருந்திருக்கலாம் பிள்ளை. எனக்கெண்டு கிடந்தது இது ஒண்டுதான்."

பிறகு, நான் செருப்புப் போடும்போது, பின்னால் வந்து, "பெருநாள் அண்டைக்கு அறையை விட்டு வெளிய வந்தவ. தலை இழுத்து, சட்டை மாத்தி. ஸல்ஹா வட்டிலப்பம் கொண்டு வருவாள் எண்டு வாசல் படலையடியில பின்னேரம் வரைக்கும் நிண்டவ" என்றார். கோபத்தோடு சொல்லவில்லை. எனக்குத் தெரிய வேண்டும் என்று சொன்னார்.

7 நவம்பர்

உண்மையைச் சொன்னால் பாரம் குறையும் என்பார்கள். குறைந்தது, எனக்கு ஒரு பின்னேரம். அந்தப் பாரத்தை முழுக்க அந்த மனுசியின் மடியில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். நான் யாருக்காகச் சொன்னேன்?

2 டிசம்பர்

உம்மா கேட்கிறார், "ஏன் புள்ள தலை இழுக்கல்ல?"

19 டிசம்பர்

சோறு மண் மாதிரி. புத்தகத்தில் ஒரு வரியை ஒன்பது தரம் வாசித்தேன். கம்பஸ் திறந்திருக்கிறது. முதல் நாள் போனேன். கண்டீனில் லக்சி செருப்பைக் கழற்றிய அந்த மேசை இருக்கிறது. இரண்டாம் நாள் போகவில்லை. முனீப் எழுதினான்: "கவலைப்படாத, வரவுக் கையெழுத்து நான் போட்டுவிடுறன்."

கையெழுத்து நான் போட்டுவிடுறன். எவ்வளவு அன்பாகச் சொல்கிறான்.

4 ஜனவரி 2022

நான் இல்லாமலே எல்லாம் நல்லாத்தான் நடக்குது.

(இதை எழுதிவிட்டுப் பார்த்தேன். இது லக்சியின் வரி.)

17 ஜனவரி, திங்கள்

முனீப் காலையில் குழுவில் போட்டான். அதே ஆய்வு, இரண்டாம் சுற்று, அதே படிவம். எனக்குத் தனியாகவும் எழுதினான்: "உனக்கு ஏலாட்டிச் சொல்லு. எல்லாத்துக்கும் முதல் வட்டம்தானே, உன்டதையும் நானே போட்டுவிடுறன். ஒரு நிமிசம்."

"என்டதை நான் போடுறன்" என்று எழுதினேன்.

இந்த முறை முதல் பக்கத்தை வாசித்தேன். ஒரு முழ நீள ஆங்கிலம். ஆய்வின் நோக்கம், அனுமதி இலக்கம், அது இது. கடைசிப் பந்தியில் எழுதியிருந்தது: ஒன்பதாவது கேள்விக்கு "ஒருபோதும் இல்லை" தவிர வேறு எதைத் தெரிவுசெய்தாலும், எங்கள் வைத்தியர் ஒருவர் ஒரு நாளுக்குள் உங்கள் இலக்கத்துக்கு அழைப்பார்.

பழைய படிவத்தின் இணைப்பு என் போனில் இன்னும் இருக்கிறது. திறந்து பார்த்தேன். அதே பந்தி. அதே இடம். ஒரு எழுத்து மாறவில்லை.

உம்மா ஓடி வந்தார். நான் கத்தினேனாம், எனக்கு ஞாபகமில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்று முனீப்புக்குக் கோல் எடுத்தேன். மெசேஜ் போடவில்லை, கோல். "ஒருத்தருக்கும் போடாத. ஒரு ஆளுக்கும் போடாத. முதல் பக்கத்தை வாசிடா, மடையா, கடைசிப் பந்தியை வாசி" என்றேன். அவன் வாசித்தான். பிறகு, "நான் இப்ப வரைக்கும் ஆறு பேருக்குப் போட்டுட்டன்" என்றான். "அந்த ஆறு பேருக்கும் கோல் எடு. இப்பவே எடு" என்றேன்.

அப்புறம் உட்கார்ந்து என்னுடையதை நிரப்பினேன். ஒவ்வொன்றாக, உள்ளது உள்ளபடி. நேர்கோடு வரவில்லை. ஒன்பதாவதில் நெடுநேரம் நின்றேன். பிறகு முதல் வட்டத்தை விட்டு மூன்றாவதை அழுத்தினேன்.

பின்னேரம் நாலு பத்துக்குப் போன் அடித்தது. தெரியாத இலக்கம். பெண் குரல், அவசரமில்லாத குரல்.

"ஸல்ஹா முத்தலிப்தானே? படிவம் நிரப்பியிருந்தீங்கள். நீங்களேதானோ நிரப்பினது?"

"ஓம் டொக்டர். நான்தான்."

"சரி. இருந்து கதைப்பம், எனக்கு நேரம் இருக்கு. வீட்டில கூட ஆர் இருக்கினம்?"

உம்மா பக்கத்தில் இருந்தார். என் தலையை இழுத்துக்கொண்டு, சிக்கு எடுத்துக்கொண்டு. நாற்பது நிமிடம் கதைத்தோம். நானே கதைத்தேன். வியாழக்கிழமை ஒன்பதரைக்கு ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கிறார். வாப்பா லீவு போட்டுவிட்டார். அது வரைக்கும் என்னைத் தனியே விடக்கூடாதென்று உம்மாவிடமும் டொக்டர் கதைத்தார்.

இந்தக் கோல் ஜூன் பதினேழாம் திகதி சல்லிக்குப் போயிருக்கும். லக்சி எடுத்திருப்பாள். மூன்றாவது மணிக்குள் எடுத்திருப்பாள்.